நாப்பத்தாறு துண்டு நரியும் முன்னூறு ரூபாயும்

மு.கு: இது தையல் பத்தின பதிவு. "பி.காம் படிக்கிற பொண்ணு தையல் பத்தி எழுதுதா, சரி, கோலப்போட்டி ரேஞ்சுக்கு இருக்கும்"னு நினைச்சு எஸ்கேப் ஆகப் பார்க்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க. நடுவுல காஸ்ட் அக்கவுண்டிங் வருது. (இப்ப மிச்சம் இருந்தவங்களும் ஓடியிருப்பாங்க :-) )

சரி, மேட்டருக்கு வருவோம்.

போன மாசம் எங்க காலேஜ்ல பசங்களே கடை போடற நாள் ஒண்ணு வச்சாங்க. பானிபூரி, மெஹந்தி, நெயில் ஆர்ட்னு ஆளாளுக்கு ஒரு டேபிள். நானும் ஒரு ஓரமா நாலு குஷன் கவர் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒண்ணுல நரி, ஒண்ணுல ஆந்தை, ரெண்டுல இலை. எல்லாமே துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைச்சது. பிரிண்ட் கிடையாது, பெயிண்ட் கிடையாது. நரிக்கு விலை 900 ரூபாய்னு எழுதி வச்சேன்.

ஒருத்தர் வந்தார். பெரியவர், மரியாதைக்குரியவர், அதனால பேர் வேண்டாம். நரியைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா, எப்படிப் பண்ணின?"ன்னு கேட்டார். நானும் வெள்ளந்தியா எல்லாத்தையும் சொல்லித் தொலைச்சேன். காகிதத்துல கோடு போட்டு நம்பர் போட்டிருக்கும் சார், அந்த வரிசைப்படி துணியை வச்சுத் தைச்சுக்கிட்டே போகணும்னு.

அவர் முகம் அப்படியே மாறிடுச்சு. "ஓ, நம்பர் பார்த்துத் தைக்கிறதா? சின்னப் பசங்க கலரடிக்கிற புக் மாதிரி. நான் ஏதோ நீயே பண்ணினதுன்னு நினைச்சேன். துணியும் பிட்டுத்துணிதானே? முன்னூறு ரூபாய் வாங்கிக்கோ."

நான் கொடுக்கல. அவரும் வாங்கல. போயிட்டார். ஆனா அவர் சொன்ன ரெண்டு விஷயம் என் மண்டையில இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. ஒண்ணு, நம்பர் பார்த்துத் தைச்சா அது உன் வேலை இல்லை. ரெண்டு, துணி பிட்டுத்துணிங்கிறதால விலை முன்னூறு. அன்னைக்கு அவர்கிட்ட பதில் சொல்ல வாய் வரல. இங்க சொல்றேன்.

முதல்ல இது என்னன்னு தெரிஞ்சுக்குங்க

இதுக்குப் பேர் ஃபவுண்டேஷன் பேப்பர் பீசிங். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்துன்னு குவில்ட் தைக்கிற ஊர்கள்ல ரொம்பப் பிரபலம். அஸ்திவாரமா ஒரு காகிதத்தை வச்சு அது மேலயே தைக்கிறதால அந்தப் பேர்.

நரியோட படம் முழுக்க நேர்க்கோடுகளா உடைச்சு காகிதத்துல பிரிண்ட் ஆகியிருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர். ஒண்ணாம் நம்பர் துணியைக் காகிதத்தோட பின்பக்கம், நல்ல பக்கம் வெளியில தெரியற மாதிரி வைக்கணும். ரெண்டாம் துணியை அதோட நல்ல பக்கத்து மேல கவுத்து வைக்கணும். இப்ப காகிதத்தைத் திருப்பி, பிரிண்ட் இருக்கிற பக்கத்துல இருந்து கோட்டு மேலயே மெஷின் ஓட்டணும். அப்புறம் ரெண்டாம் துணியை விரிச்சு இஸ்திரி போட்டு, அடுத்த கோட்டுல காகிதத்தை மடக்கி, கால் இஞ்ச் விட்டு மிச்சத்தை வெட்டணும். அப்புறம் மூணு, நாலு, அஞ்சு... என் நரிக்கு மொத்தம் 46 துண்டு.

தைக்கிறது ஒரு பக்கம், துணி இருக்கிறது மறுபக்கம். அதனால காகிதத்துல இடது பக்கம் பார்க்கிற நரி, துணியில வலது பக்கம் பார்க்கும். முதல் தடவை செய்யறவங்க எல்லாருக்கும் இதுல மூளை குழம்பும். தையலும் சாதாரணத் தையலை விடப் பொடிசா, ஒண்ணரை மில்லிமீட்டர் கிட்ட இருக்கணும். அப்பதான் ஊசி குத்தின ஓட்டை வரிசையில காகிதம் சுலபமா கிழியும். கடைசியில மொத்தக் காகிதத்தையும் கிழிச்சுப் போட்டுடணும்.

இவ்வளவு தலைவலி எதுக்குன்னா, துணியைக் குறுக்கா வெட்டினா அது இழுபடும். ஆந்தையோட மூக்கு, பூனையோட காது நுனி மாதிரி ஊசி முனைகள் வெறும் கையில வெட்டித் தைச்சா கோணிக்கிட்டுப் போகும். காகிதம் பிடிச்சுக்கிட்டிருக்கிறதால முனை முனையாவே நிக்கும்.

இது நேத்து வந்த சமாச்சாரமும் இல்லை. இங்கிலாந்துல காகிதத்துண்டு மேல துணியை மடிச்சுக் கையாலேயே தைக்கிற முறை ரொம்பப் பழசு. பாதியில நின்னுபோன பழைய குவில்ட்டுகளுக்குள்ள அந்தக் காலத்துக் கடிதமும் செய்தித்தாளும் இன்னும் அப்படியே இருக்கு. அதைப் படிச்சுத்தான் அந்த குவில்ட்டோட வயசைக் கண்டுபிடிக்கிறாங்க. 19-ம் நூற்றாண்டுல 'லாக் கேபின்' குவில்ட்டைப் பழைய துணியை அஸ்திவாரமா வச்சு அது மேல தைச்சாங்க. மெஷின்ல காகிதம் வச்சுத் தைக்கிற முறையைப் பரவலாக் கொண்டுபோனவங்கள்ல முக்கியமானவர் அமெரிக்காவோட கேரல் டோக். அவரோட 'ஈஸி மெஷின் பேப்பர் பீசிங்' புத்தகம் 1994-ல வந்துச்சு.

"நம்பர் பார்த்துத் தைக்கிறது"ங்கிற குற்றச்சாட்டு

கேக்கறேன். ஸ்வரம் எழுதி வச்ச பாட்டைப் பாடறவங்க பாடகர் இல்லையா? இருபத்தோரு புள்ளி ஊடுபுள்ளின்னு கணக்கு வச்சு வாசல்ல போடற கோலத்தைப் பார்த்து "இது டாட்டட் பேப்பர் வேலைம்மா"ன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? வீடு கட்டற கொத்தனார் பிளான் பார்த்துத்தான் கட்டறார். அதுக்காகக் கூலியில பாதி பிடிக்கிறோமா?

காகிதம் கோட்டைத்தான் தருது, துணியைத் தர்றதில்லை. நரியோட கன்னத்துல வெளிச்சம் எந்தப் பக்கம் விழுது, எந்த ஆரஞ்சு முன்னாடி வரணும், எந்த ஆரஞ்சு பின்னாடி போகணும், காதுக்குள்ள இருக்கிற கறுப்பு கோடு போட்ட கறுப்பா, வெறும் கறுப்பா... இதெல்லாம் நம்பர் சொல்லாது. ஒரே பேட்டர்னை ரெண்டு பேர் தைச்சா ஒண்ணு நரியா இருக்கும், இன்னொண்ணு ஆரஞ்சு முக்கோணக் குவியலா இருக்கும். (என் முதல் நரி ரெண்டாவது வகை. பார்த்துட்டு என் தம்பி "அக்கா, வடை சூப்பர்"னான். அவ்வ்வ்.)

இருந்தாலும் அவர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன். கோடு என்னோடது இல்லை. நரியை வரைஞ்சவங்க வேற ஒருத்தர். சரி, நானே ஒண்ணு வரைஞ்சு பார்த்துடறேன்னு ரோஷத்துல உட்கார்ந்தேன். எங்க தெருமுனைக் குளத்துக்கிட்ட கரண்ட் கம்பியில உட்கார்ந்திருக்கிற மீன்கொத்தி. பழுப்புத் தலை, வெள்ளைத் தொண்டை, நீல முதுகு, பெரிய சிவப்பு மூக்கு. பார்க்க ஈஸியாத்தான் இருந்துச்சு.

மூணு வாரம் ஆச்சுங்க. கிராஃப் பேப்பர் ஒரு கட்டு காலி.

விஷயம் என்னன்னா, இந்த முறையில எல்லாமே நேர்க்கோடு. ஒவ்வொரு புதுத் துணியும் ஏற்கனவே தைச்ச துணிகளோட ஓரம் பூரா ஒரே நேர்க்கோட்டுல சேரணும். அதாவது ஒவ்வொரு கோடும் முன்னாடி போட்ட கோட்டுல போய் முட்டணும், இல்லைன்னா படத்தோட விளிம்புல முடியணும். மூணு கோடு ஒரு புள்ளியில மூணு திசையில பிரிஞ்சு போற இடத்தைத் தைக்கவே முடியாது. மீன்கொத்தியோட பழுப்புத் தலையும் வெள்ளைத் தொண்டையும் சிவப்பு மூக்கும் சேர்ற இடம் சரியா அப்படித்தான் இருக்கு! அதைச் சரி பண்ண ஒரு கோட்டை நீட்டணும். நீட்டினா ஒரே கலர் ரெண்டு துண்டாகும். எந்தத் துண்டை உடைச்சா கண்ணுக்குத் தெரியாதுன்னு பார்க்கணும். படத்தை ஏ, பி, சின்னு பகுதிகளாப் பிரிச்சு, எது எதோட முதல்ல சேரும்னு வரிசை போடணும். கண்ணை எங்க வைக்கிறதுன்னே எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

கடைசியில வந்தது மீன்கொத்தியா காக்காவான்னு எனக்கே சந்தேகம். ஆனா ஒண்ணு புரிஞ்சது. ஆஸ்திரேலியாவுல மார்கரெட் ரோல்ஃப் தன் நாட்டுப் பறவைகளையும் மிருகங்களையும் நேர்க்கோட்டுத் துண்டுகளா உடைச்சுக் காட்டினாங்க. அமெரிக்காவுல ரூத் மெக்டவல் செடிகொடி, மரம்னு இயற்கையைத் துணித்துண்டா மாத்தினாங்க. இவங்க எல்லாம் செஞ்சது கலரடிக்கிற புக் வேலை இல்லை, உருவத்தை வச்சுப் போட்ட கணக்கு.

சுவத்துல மாட்டினா கலை, சோஃபாவுல போட்டா பிட்டுத்துணி

இந்தப் பாகுபாடு நம்ம ஊர்ல மட்டும்னு நினைக்காதீங்க. 1971-ல நியூயார்க் விட்னி மியூசியத்துல ஒரு குவில்ட் கண்காட்சி நடந்துச்சு. ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப்னு ரெண்டு பேர் சேகரிச்ச பழைய குவில்ட்டுகளை நவீன ஓவியம் மாதிரி சுவத்துல மாட்டினாங்க. பார்த்தவங்க அசந்து போனாங்க. நல்ல விஷயம்தான். ஆனா நூறு வருஷமா கட்டில் மேல கிடந்தப்ப அதே துணி வெறும் போர்வை. ஓவியம் மாதிரி இருக்குன்னு சொன்னப்பறம்தான் மரியாதை. தைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க பேரும் தெரியல. இதைக் கேள்வி கேட்டு 1973-லயே பாட்ரிசியா மைனார்டி ஒரு காரசாரமான கட்டுரை எழுதினாங்க. குவில்ட் எப்பவுமே கலைதான், பெண்கள் செஞ்சதால உங்க கண்ணுக்குத் தெரியலைங்கிறதுதான் அதோட சாரம்.

அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு கிராமம். அடிமைகளா இருந்தவங்களோட வாரிசுகள் வாழற ஊர். அங்க பெண்கள் கிழிஞ்ச வேலைத் துணியை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைச்சாங்க. அவங்க காகிதமோ நம்பரோ வச்சுத் தைக்கல, அது வேற ரூட். 2002-ல ஹூஸ்டன் மியூசியத்துலயும் அப்புறம் விட்னியிலயும் அதை மாட்டினாங்க. 2006-ல அமெரிக்கத் தபால்துறை ஸ்டாம்பே போட்டுச்சு. ஆக, பேட்டர்ன் இல்லாம மனசுக்குத் தோணினபடி தைச்சப்பவும் அது ரொம்ப நாள் கந்தல்துணிதான். பேட்டர்ன் வச்சுத் தைச்சா "காப்பி". அப்ப பிரச்சினை பேட்டர்ன்ல இல்லைங்க.

இப்ப காஸ்ட் ஷீட்

ரெண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். இது நம்ம ஏரியா. நரி குஷன் கவர் ஒண்ணுக்கு:

துணி (பின்பக்கத்துத் துணியும் சேர்த்து): 160
நூல், காகிதம், ஜிப்: 40
உழைப்பு, 9 மணி நேரம், மணிக்கு 70 வீதம்: 630
ஊசி, கரண்ட் வகையறா: 20
மொத்தம்: 850
லாபம்: 50
விலை: 900

அவர் கேட்ட 300-ல உழைப்பு போக மத்த செலவு 220-ஐக் கழிச்சா மிச்சம் 80 ரூபாய். 9 மணி நேரத்துக்கு. மணிக்கு ஒன்பது ரூபாய்கூட இல்லை. இதுல முதல் நரி வடையாப் போன கதையை நான் சேர்க்கவே இல்லை. அது அப்நார்மல் லாஸ், அதை வாங்கறவர் தலையில கட்டக் கூடாது. கத்துக்கொடுத்ததை மீறக் கூடாதில்ல? ஆனா ஒவ்வொரு துண்டுலயும் வெட்டிப் போடற ஓரம் நார்மல் லாஸ். இந்த முறையில துணி நிறையவே வீணாகும், அதையும் மறைக்கல. அது நல்ல யூனிட்டோட அடக்கவிலையில ஏறத்தான் செய்யும். செமஸ்டர்ல பத்து மார்க்குக்கு இதை எழுதறோம். கையில ஒரு குஷன் கவரைக் கொடுத்தா மட்டும் எல்லாத்தையும் மறந்துடறோம்.

என் கிளாஸ்மேட் ஒருத்தன் சொன்னான்: "ஏய், மார்க்கெட்ல நரி பிரிண்ட் போட்ட குஷன் கவர் முன்னூறுக்குக் கிடைக்குது. டிமாண்ட் சப்ளைதான் விலையைத் தீர்மானிக்கும், உன் ஒன்பது மணி நேரம் இல்லை." ரொம்பச் சரி. அதைத் தாராளமா வாங்கிக்கடா, எனக்கு வருத்தமே இல்லை. யாரும் என் நரியை வாங்கியே ஆகணும்னு சட்டம் கிடையாது. வாங்காம போறது அவங்க உரிமை. என் சண்டை வாங்காததுக்கு இல்லை. "கட்டுப்படியாகல"ன்னு சொல்லியிருந்தா நானே சிரிச்சுக்கிட்டு ஒரு புக்மார்க் ஃப்ரீயாக் கொடுத்திருப்பேன். "இதுல என்ன இருக்கு"ன்னு சொன்னதுதான் பிரச்சினை.

இன்னொரு தோழி கேட்டது இதை விடக் கஷ்டமான கேள்வி: "நீ ஆசையாத்தானே பண்றே? ஹாபிக்கு எதுக்குடி கூலி?" யோசிச்சேன். கணக்குப் பார்க்கிறதை ரசிச்சுச் செய்யற ஆடிட்டர் ஃபீஸைக் குறைக்கிறாரா? கிரிக்கெட்டை உயிரா நினைக்கிறவர் சம்பளம் வேண்டாம்னு சொல்றாரா? உன் கல்யாணத்துக்கு நான் இதே நரியைப் பரிசாக் கொடுத்தா அங்க என் கூலி சைபர். அந்த சைபரைப் போடறது நான். எதிராளி போடக் கூடாது.

இப்ப என் மேலயே ஒரு குற்றச்சாட்டு

இவ்வளவு வீராவேசமா எழுதிட்டு இதை மறைச்சா நான் ஃபிராடு. அந்த நரி பேட்டர்ன் நான் காசு கொடுத்து வாங்கினது இல்லை. ஒரு குரூப்புல யாரோ போட்ட பிடிஎஃப். "ஆஹா, ஃப்ரீ"ன்னு டவுன்லோட் பண்ணினேன். அடியில வரைஞ்சவங்க பேரும் 'பகிர வேண்டாம்'னு ஒரு வரியும் இருந்துச்சு. அதைப் படிக்கக்கூட இல்லை.

மீன்கொத்தியோட மூணு வாரம் மல்லுக்கட்டினப்பறம்தான் உறைச்சது. அந்தப் பெரியவர் என் ஒன்பது மணி நேரத்துக்குச் செஞ்சதைத்தான் நான் அந்த டிசைனரோட பல நாள் வேலைக்குச் செஞ்சிருக்கேன். அவராவது முன்னூறு கொடுக்கறேன்னார். நான் ஒண்ணுமே கொடுக்கல. என் காஸ்ட் ஷீட்ல 'பேட்டர்ன்'னு ஒரு வரியே இல்லை, கவனிச்சீங்களா? நான் எழுதி முடிச்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன்.

மறுநாள் அண்ணன் கார்டுல அந்த பேட்டர்னை முறையா வாங்கினேன். தைச்சு விக்கலாமான்னு அதோட விதியையும் படிச்சேன். சிலர் பேர் போட்டு விக்கலாம்பாங்க, சிலர் கூடாதும்பாங்க. இவங்க பேர் போட்டுச் சின்ன அளவுல விக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. தப்பிச்சேன். இனி காஸ்ட் ஷீட்ல அந்த வரி இருக்கும். "வெளிநாட்டுக்காரங்கதானே, அவங்களுக்கு என்ன நஷ்டம்"னு சொல்ற ஃப்ரெண்ட்ஸ், தயவுசெஞ்சு ஒரே ஒரு மூக்கை வரைஞ்சு பாருங்க.

குறியீடு 93

கடைசியா ஒண்ணு. நம்ம நாட்டு வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புல (2017-ல இருந்து பீரியாடிக் லேபர் ஃபோர்ஸ் சர்வேன்னு நடக்குது) ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குறியீடு போடுவாங்க. படிச்சுக்கிட்டிருக்கிற எனக்கு 91. வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவங்களுக்கு 92. வீட்டு வேலையோட விறகு பொறுக்கறது, வீட்டுத் தேவைக்குத் தைக்கிறது, நெய்யறது எல்லாம் செய்யறவங்களுக்கு 93. தையல்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. ஆனா 92, 93 ரெண்டுமே உழைப்பாளர் கணக்குல வராது.

எங்கம்மா 93-ஐயும் தாண்டினவங்க. தெருவுல பாதிப் பேருக்குப் புடவை ஃபால்ஸ், பிளவுஸ் எல்லாம் அவங்கதான். வருஷத்துல முப்பது நாள் அப்படி வருமானத்துக்கு வேலை செஞ்சாலே துணைத்தொழில்னு கணக்குல சேர்த்துக்குவாங்க. அம்மா அதை மாதிரி பத்து மடங்கு செய்யறாங்க. ஆனா யாராவது "என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா "வீட்ல சும்மாதான் இருக்கேன்"பாங்க. கணக்கெடுக்க வர்றவரும் அதைத்தான் எழுதிக்கிட்டுப் போவார்.

அவரைச் சொல்லி என்ன? காலேஜ்ல சேர்ந்தப்ப ஃபார்ம்ல 'தாயின் தொழில்'ங்கிற இடத்துல 'இல்லத்தரசி'ன்னு எழுதினது என் கை. எனக்குக் காகிதம் வச்சு மெஷின்ல நேர்க்கோடு ஓட்டக் கத்துக்கொடுத்ததே அம்மாதான். நரியைப் பார்த்துட்டு "இந்த மூக்குல தையல் ஒரு நூல் நகர்ந்திருக்குடி, பிரிச்சுப் போடு"ன்னு சொன்னதும் அவங்கதான். என் காஸ்ட் ஷீட்ல அவங்க நேரமும் இல்லை.

போன வாரம் ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்துச்சு. அதே கேள்வி. 'தையல் தொழில், சுயமாக'ன்னு எழுதிட்டு அம்மாகிட்ட கையெழுத்துக்குக் கொடுத்தேன். படிச்சுட்டு, "இதெல்லாம் எதுக்குடி எழுதறே? வருமானம் எவ்வளவுன்னு கேப்பாங்களே, என்ன சொல்றது?"ன்னாங்க.

"கணக்கு வச்சிருக்கியாம்மா?"

இல்லை. இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட எழுதி வச்சதில்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து போன மாசம் தைச்ச பிளவுஸை ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தி என் பழைய அக்கவுண்ட்ஸ் நோட்டுல எழுத ஆரம்பிச்சோம். முப்பத்தி ஒண்ணு வரைக்கும் வந்திருக்கு. அதுல நாலு பேர் இன்னும் காசு தரல. தெருவுலதான் இருக்காங்க, நாளைக்கு நானே போய்க் கேக்கப் போறேன்.

டிஸ்கி: நரி இன்னும் விக்கல. விலை இப்பவும் 900-தான். பேட்டர்ன் செலவு ஏறினதுல லாபம் போயிடுச்சு. கும்மியடிக்கிறவங்க வரிசையா வரவும், ஆனா டேபிள் மேல 300-ஐ மட்டும் வைக்காதீங்க :-)